போணிக்கு ஒரு துண்டு

உக்காருங்க தம்பி, ஆள் வரலை. அந்தப் பையை மட்டும் இங்கிட்டு எடுத்துக் குடுங்க, மடியில வச்சுக்கிறேன். காலடியில கெடக்கக் கூடாது, உள்ள கேஸ்கட்டு இருக்கு. ஆமா, கோர்ட்டுக் கேஸேதான். மதுரை ஹைகோர்ட்டுக்குப் போறேன். ஏன், பாத்தா தெரியலையா? வெள்ளை வேட்டி, தோள்ல துண்டுன்னு கல்யாண வீட்டுக்குப் போறவன் மாதிரி இருக்கேனா? பின்ன, தாடியை வளத்து மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டா போகச் சொல்றீங்க? அதெல்லாம் தப்புப் பண்ணவன் செய்யிற வேலை. இந்தத் துண்டைப் பத்திப் பெறகு சொல்றேன். இதுக்கு ஒரு கதை இருக்கு.

எனக்கு வத்திராயிருப்புப் பக்கம். பேரு சுந்தரமகாலிங்கம், மலையில இருக்க சாமி பேரு. எங்க அய்யா வச்சுட்டுப் போன தென்னந்தோப்பு இருக்கு. நீங்க எந்த ஊரு? ராசபாளையமா? சரி சரி. அங்க ரெண்டு பேர் தவிர எல்லாரும் ஏமாத்துக்காரனுங்க. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் அந்தா முன்னாடி ஜன்னலோரம் வாயைத் தொறந்துக்கிட்டுத் தூங்குறாரு பாருங்க, கட்டம் போட்ட சட்டை. செல்லக்கனி அண்ணாச்சி. ஜவுளிக்கடை வச்சிருக்காரு. என் கூடத்தான் வர்றாரு. ஜன்னல் பக்கம் இல்லைன்னா வாந்தி எடுப்பேன்னாரு, அதான் அங்க உக்காத்தி வச்சிருக்கேன். என் சாட்சி அவரு.

என்ன கேஸுன்னு கேக்க வாய் வரலையாக்கும்? கொலைக்கேஸு. அட, எங்க எந்திரிக்கிறீங்க, உக்காருங்கய்யா. கொலைக்கேஸுன்னா முழுக் கொலையும் கெடையாதாம். முன்னூத்தி நாலு, ரெண்டாம் பகுதி. கொலையாகாத மரணம்னு ஜட்ஜு மூக்குக் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டு வாசிச்சாரு. கேட்டா சிரிப்பு வரலை உங்களுக்கு? கொன்னான்னா கொன்னான்னு சொல்லு. இல்லைன்னா இல்லைன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பு. தானும் படுக்கமாட்டேன் தள்ளியும் படுக்கமாட்டேன்னு நடுவுல ஒரு குத்தத்தைத் தேடிப் பிடிச்சு ஏழு வருசம் போட்டுவிட்டாரு. படிச்ச மனுசன். படிச்சு என்ன செய்ய?

இப்ப அப்பீல் போட்டு ஜாமீன்ல இருக்கேன். அப்பீல் ஜெயிச்சா தோப்புக்குப் போவேன். தோத்தா பாளையங்கோட்டை ஜெயிலுக்குப் போவேன். அவ்வளவுதான் சங்கதி. ஆனா தோக்கமாட்டேன் தம்பி. ஏன்னா ஆதாரம் கெடையாது. ஒரு மண்ணும் கெடையாது. நான் சொல்றேன் கேளுங்க, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க. மதுரை போய்ச் சேர நேரம் கெடக்கு.

செத்தது எங்க மாப்பிள்ளை, கூடப்பொறந்த தங்கச்சி புருசன். கருத்தப்பாண்டின்னு பேரு. எங்க தங்கச்சி சீனியம்மாவுக்கு நான் பாத்து முடிச்ச இடம்தான். செத்தவனைப் பத்திக் கொறை சொல்லக் கூடாதும்பாங்க. நான் கொறை சொல்லலை, உள்ளதைச் சொல்றேன். உருப்படாத பய. மில்லு வேலைக்குப் போவான், அங்க ஒரு சண்டை. கோழிப்பண்ணை வச்சான், கோழியெல்லாம் சீக்கு. இவன் கை வச்சது எது வெளங்குச்சு? பேச்சு மட்டும் மெதுவா, மச்சான் மச்சான்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டே பேசுவான். குனிஞ்சு பேசுறவனை நம்பவே கூடாது தம்பி.

அந்தப் பயலுக்கு எவனோ ஓதிவிட்டுட்டான், பொம்பளைப் பிள்ளைக்கும் சொத்துல பங்கு உண்டுன்னு. சட்டமாம். சட்டத்துக்கென்ன, அதை மெட்ராஸ்ல உக்காந்துக்கிட்டு எவனாச்சும் எழுதுவான். தென்னைக்கு வெயில் காலத்துல கொடம் கொடமாத் தண்ணி ஊத்துனது யாரு? சட்டமா ஊத்துச்சு? நான் ஊத்துனேன். சீர்வரிசை செஞ்சு, வளைகாப்புச் செஞ்சு, பிள்ளைக்குக் காதுகுத்துக்கு மடியில உக்காத்தி வச்சு எல்லாம் செஞ்சு முடிச்ச பெறகு, தோப்புல பாதி குடுன்னு வந்து நின்னா என்ன அர்த்தம்? குடுக்கமாட்டேன்னு சொன்னேன். சரி மச்சான்னுட்டுப் போனான். போயி சர்வேயரைக் கூட்டிட்டு வந்து, நான் ஒரு துட்டி வீட்டுக்கு, எழவு கேக்கப் போயிருந்த நாளாப் பாத்து, தோப்புக்குள்ள நடுவாப்புல கல்லு நட்டுட்டான். மோட்டார் ரூமுக்குப் பக்கத்துல சிமெண்டுத் தொட்டி இருக்குல்ல, அதுக்கு ஒட்டி ஒரு கல்லு. தொட்டியும் பாதியாம்! எங்க அய்யா கட்டுன தொட்டி!

கண்டக்டரே, சில்லறை இல்லைன்னு சொன்னா சொன்னதுதான், எத்தனை தடவை கேப்பீங்க? இவனுகளுக்கெல்லாம் ஒரு தோல்பை குடுத்துட்டா போதும், கலெக்டர் நெனைப்பு வந்துருது.

எங்க விட்டேன்? ஆங், கல்லு. மறுநாள் காலையில வெயில் ஏறுறதுக்குள்ள மோட்டார் போடுறதுக்குத் தோப்புக்குப் போறேன். இவன் தொட்டிப் பக்கத்துல நின்னு அந்தக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிச்சுக்கிட்டு இருக்கான். எப்படி இருக்கும் உங்களுக்கு? நாலு வார்த்தை கேட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரிதான் கேட்டேன், இல்லைங்கல. விரலை நீட்டிக் கேட்டேன். விரல் நெஞ்சுல பட்டிருக்கலாம். கை பட்டா அடியா? அப்படிப் பாத்தா டவுன் பஸ்ல தெனம் நூறு கொலை நடக்கணும். கேட்டுட்டு நான் பாட்டுக்கு வந்துட்டேன். அவனை நிக்க விட்டுட்டுத்தான் வந்தேன். கோர்ட்டுலயும் அதைத்தான் சொன்னேன். மத்தியானம் வரப்பு வெட்ட வந்த ஆளுங்க பாத்தா, தொட்டி ஓரத்துல மண்டை உடைஞ்சு செத்துக் கெடக்கான். பாசி புடிச்ச தொட்டி. வழுக்கியிருக்கும். விழுந்திருப்பான். இதுல என் பேரு எங்க வருது?

கல்லுப்பட்டியா இது? டீ சாப்பிடுறீங்களா? வேணாம், இந்தக் கடை டீ வேணாம், கழனித்தண்ணி. பெறகு சாப்பிடுவோம்.

சாட்சி யாரு தெரியுமா சர்க்கார் தரப்புல? வீரணன்னு ஒருத்தன். தேங்காய் வெட்டுறவன். பக்கத்துத் தோப்புல மரத்து மேல இருந்தானாம், அங்கேர்ந்து பாத்தானாம். சண்டை போட்டாங்க, மகாலிங்கம் தள்ளுனாருன்னு போலீஸ்ல சொல்லிட்டான். எங்க வக்கீல் நெல்லையப்பன் குறுக்கு விசாரணையில கேட்டாரு, மரத்துல நீ தேங்காயைப் பாத்தியா, மனுசனைப் பாத்தியான்னு. தேங்காயைத்தான் பாத்தேன் சார்ங்கிறான். தள்ளுனதைக் கண்ணால பாத்தியான்னாரு. மட்டை மறைச்சுச்சு, ரெண்டு தலை தெரிஞ்சுச்சு, சத்தம் கேட்டுச்சு, பெறகு ஒரு தலைதான் தெரிஞ்சுச்சுங்கிறான். கோர்ட்டே சிரிச்சுச்சு. ஒரு தலை தெரிஞ்சதுக்கு ஏழு வருசமா? கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்குறவனுக்குப் புத்தி எங்க போச்சு?

அடுத்து எங்க தங்கச்சி. அவ என்னத்தைப் பாத்தா? வீட்டுல சோறு பொங்கிக்கிட்டு இருந்தா. கூண்டுல ஏறி நின்னு, எங்கண்ணன் முந்துன நாளு வீட்டுக்கு வந்து, கல்லைப் புடுங்கலைன்னா உன் தாலியைப் புடுங்கிருவேன்னு சொன்னாருன்னு சொல்றா. சொன்னேன். கோவத்துல சொல்றதுதான? ஊர் உலகத்துல யாரும் சொல்லாத வார்த்தையா? கூடப்பொறந்தவளுக்கு அது தெரிய வேண்டாமா? என் மூஞ்சியைக்கூடப் பாக்கலை. ஜட்ஜு மூஞ்சியைப் பாத்துக்கிட்டே சொல்றா. தூக்கி வளத்த நாயே கடிச்ச கதைதான்.

பெறகு டாக்டரு. இந்த இடத்தை மட்டும் கவனமாக் கேளுங்க தம்பி, என் அப்பீலே இங்கதான் இருக்கு. அறுத்துப் பாத்த டாக்டர் என்ன சொன்னாருன்னா, பின்மண்டையில அடி, தள்ளியும் விழுந்திருக்கலாம், தானா வழுக்கியும் விழுந்திருக்கலாம், எதுன்னு என்னால சொல்ல முடியாதுன்னாரு. அதோட விட்டாரா? அடிபட்ட ஒடனே உசிரு போகலை, மூணு நாலு மணி நேரம் இருந்திருக்கு, காலையில பத்து மணி வாக்குலதான் செத்திருக்கான், சீக்கிரமாத் தூக்கிட்டு வந்திருந்தா பொழைக்க வச்சிருக்கலாம்னாரு. புரியுதா? பத்து மணி. நான் தோப்புக்குப் போனது விடிஞ்சும் விடியாம. பத்து மணிக்கு நான் தோப்புலயே இல்லை. அப்புறம் எப்படிய்யா நான் கொன்னேன்?

இதைத்தான் நான் எங்க வக்கீல்கிட்ட தலையில அடிச்சுச் சொன்னேன். நெல்லையப்பன் பெரிய வக்கீல்னு பேரு. பேருதான். வீட்டுல கட்டுக்கட்டாப் பொஸ்தகம், அதுக்கு நடுவுல இவரு இத்துனூண்டு மனுசன், தும்முனாக்கூட மேசைக்கு வலிக்காமத் தும்முவாரு. அவரு என்ன சொல்றாரு, மகாலிங்கம், அப்பீல்ல நீங்க வாயே தொறக்காதீங்க, பாத்த சாட்சி கெடையாது, டாக்டரும் ரெண்டு பக்கமும் பேசியிருக்காரு, ஆதாரம் பத்தாதுன்னு ஒரே வரியில வாதாடுறேன், சந்தேகத்தோட பலனைக் குடுத்து விட்டுருவாங்க, நூத்துக்கு தொண்ணூறு வெளிய வந்துருவீங்கன்னாரு.

சந்தேகத்தோட பலன்! அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. அப்ப என்ன அர்த்தம்? செஞ்சிருப்பான், ஆனா அம்புடலைன்னு அர்த்தம். அதை வாங்கிக்கிட்டு நான் ஊருக்குள்ள எப்படி நடக்குறது? பிச்சையா போடுறான் ஹைகோர்ட்டு? எனக்கு முழுசா வேணும். இவன் செய்யலை, இவன் யோக்கியன், தங்கச்சிக்கு ஒரு கொறை வைக்காத அண்ணன்னு ஜட்ஜு தன் கையால எழுதணும். எழுதுன காயிதத்தை ஊர் மந்தையில ஒட்டணும். அதுக்கு என்கிட்ட சாட்சி இருக்கு. அந்தா தூங்குறாரே, அவரு.

நெல்லையப்பன்கிட்ட அண்ணாச்சி விசயத்தைச் சொன்னேன் பாருங்க, மனுசன் முகம் பேயறைஞ்ச மாதிரி ஆயிருச்சு. நாற்காலியை விட்டு எந்திரிச்சு கதவைச் சாத்துனாரு. இதை வேற யார்கிட்டயும் சொன்னீங்களான்னாரு. இல்லைன்னேன். இனி சொல்லாதீங்க, உங்க பொஞ்சாதிகிட்டகூட சொல்லாதீங்க, நானும் கேக்கலைன்னு வச்சுக்கிறேன்னாரு. பயந்தாங்கொள்ளி! நல்ல சாட்சி கெடைச்சிருக்குன்னு சந்தோசப்படுவானா, கதவைச் சாத்துவானா? போய்யா நீயும் ஒன் கருப்புக் கோட்டும்னுட்டுக் கேஸ்கட்டைக் கையோட வாங்கிட்டு வந்துட்டேன். இப்ப புது வக்கீல் ஒருத்தரு, சின்ன வயசு, துடியான ஆளு. கூடுதலா சாட்சி விசாரிக்கணும்னு ஒரு மனுப் போட்டாப் போதும், ஆளைக் கூட்டிட்டு வாங்க, பேசிப் பாத்துருவோம்னுருக்காரு. வெவரம் முழுசா அவர்கிட்ட இன்னும் சொல்லலை. நேர்ல அண்ணாச்சி வாயாலயே கேக்கட்டும்னு இருக்கேன்.

என்னது? பழைய வக்கீல் சொல்றதைக் கேக்கலாம்ல அண்ணேன்னா? நீங்களும் அந்தக் கட்சிதானா? ஜெயிக்கிற கேஸை எதுக்குக் கெடுத்துக்கிறீங்கங்கிறீங்க. ஏழு வருசம் சும்மாவாங்கிறீங்க. நல்ல மனசுதான் தம்பி உங்களுக்கு, ஆனா உங்க வயசுக்கு மானம்னா என்னன்னு தெரிய நியாயம் இல்லை. ஊர்ல என்னை என்ன பேசுனாங்கன்னு தெரிஞ்சா இப்படிச் சொல்லமாட்டீங்க.

கோடின்னா தெரியும்ல? உங்க பக்கமும் உண்டுல்ல? புருசன் செத்துட்டா பொம்பளைக்குப் பொறந்த வீட்டுலேர்ந்து கோடிச் சேலை கொண்டுபோயிப் போடணும். அண்ணன் தம்பி இருந்தா அவங்க கையாலதான் போடணும். அதான் முறை. ஒரு பொம்பளைக்குப் பொறந்த வீடு இருக்கா இல்லையான்னு அன்னைக்குத்தான் ஊர் பாக்கும். அன்னைக்குச் சாயங்காலம் பெரியாஸ்பத்திரியில அறுத்துத் தச்சு, பாடியைக் கொண்டாந்து வீட்டு முன்னால போட்டிருக்கு. நான் கோடியோட போறேன். வெறுங்கையோடயா போனேன்? மேளம் வச்சு, தாம்பாளத்துல சேலையை வச்சு, ஆளும் பேருமாப் போறேன்.

அவ எந்திரிச்சா. தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு எந்திரிச்சு வந்தவ, தாம்பாளத்தைத் தட்டிவிட்டா. சேலை தெருவுல போயி விழுந்துச்சு. இந்தக் கை எடுத்த துணி என் மேல படக் கூடாதுன்னு கத்துறா. அத்தனை சனம் பாத்துக்கிட்டு நிக்குது. மேளக்காரன் என்ன செய்யிறதுன்னு தெரியாம அடிச்சுக்கிட்டே இருக்கான், கூறுகெட்டவன். எங்க பெரியப்பன் மகன் ஒருத்தன் இருக்கான், பால்பாண்டி, பங்காளிப் பய. அவன் ஒரு கோடியைக் கொண்டாந்து நீட்டுறான், இவ வாங்கிப் போத்திக்கிறா! கூடப்பொறந்த நான் உசிரோட நிக்கையில பங்காளி கோடி போடுறான் தம்பி. எனக்கு அன்னைக்கே பாதி உசிரு போயிருச்சு. ஏழு வருசமெல்லாம் அதுக்கு முன்னால தூசி.

அதோட போச்சா? மறுநாள்லேர்ந்து ஊருக்குள்ள ஒரு பேச்சு. பால்பாண்டி கோடி கொண்டாரதைப் பாத்துட்டுத்தான் மகாலிங்கம் அவசர அவசரமாப் பொஞ்சாதி பெட்டியில கெடந்த சேலையைத் தூக்கிட்டு ஓடியாந்தான்னு. பெட்டிச் சேலையாம்! நான்! அந்தப் பால்பாண்டி பய மத்தியானத்துக்கு மேல போயி, சந்தையில சீப்பட்ட சேலையா ஒண்ணு எடுத்துட்டு வந்தவன். நான் எப்ப எடுத்தேன் தெரியுமா? காலையில. கடை தொறந்ததும். மொத ஆளு. ஊர்ல ஒரு காக்காய்க்குக்கூடத் தெரியறதுக்கு முந்தி நான் கோடி எடுத்துட்டேன்!

இதுக்குத்தான் அண்ணாச்சி சாட்சி. அண்ணாச்சிக்கு எப்படி ஞாபகம் இருக்குன்னா, அதுக்குத்தான் இந்தத் துண்டு. அன்னைக்குக் காலையில டவுனுக்கு பஸ் ஏறிப் போயி இறங்கறேன், அண்ணாச்சி அப்பத்தான் கடையைத் தொறந்து, வாசல்ல தண்ணி தெளிச்சு, சாமி படத்துக்குப் பத்தி காட்டிக்கிட்டு இருக்காரு. அண்ணாச்சி, கோடிச் சேலை ஒண்ணு குடுங்கன்னேன். மனுசன் பத்தியைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டாரு. அய்யா, கோவிச்சுக்காதீங்க, கடையில இன்னும் மொத போணி ஆகலை, கோடி மொத போணியாப் போனா அன்னைக்கு முழுசும் யாவாரம் வெளங்காது, வேற எதாச்சும் ஒரு துணியை மொதல்ல எடுத்துக்கிட்டு, பெறகு கோடியை எடுங்கன்னாரு. நியாயம்தான? யாவாரின்னா அப்படித்தான் இருக்கணும். சரின்னு ஒரு துண்டு எடுத்தேன். இதே துண்டுதான். அதைக் கண்ணுல ஒத்திக் கல்லாவுல வரவு வச்ச பெறகுதான் கோடிச் சேலையை எடுத்துக் குடுத்தாரு. கோடியைப் பிரிச்சுப் பாக்கக் கூடாது, விலை பேசக் கூடாது. நான் ரெண்டும் செய்யலை. முறைன்னா முறைதான்.

யாருக்கய்யா துட்டின்னு கேட்டாரு. எங்க மாப்பிள்ளைக்கு, கருத்தப்பாண்டிக்குன்னேன். அடடா, போன வாரம்கூட பிள்ளைக்குச் சட்டை எடுத்துட்டுப் போனாரே, நல்ல மனுசனாச்சேன்னு தலையில கை வச்சாரு. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு, அந்தப் பயலைப் போயி நல்ல மனுசன்ங்கிறாரேன்னு. ஆனாலும் வாயைத் தொறக்கலை. பேரோட ஞாபகம் வச்சிருக்காரு பாத்துக்கங்க! கோர்ட்டுல ஒண்ணு விடாமச் சொல்லுவாரு. போணி ஆனது, துண்டு எடுத்தது, பேரு கேட்டது, எல்லாம். பொய் சொல்லத் தெரியாது அவருக்கு. என்ன கேஸு ஏதுன்னு வெவரம்கூட கேக்கலை, உள்ளதைத்தான சொல்லணும், வர்றேன்னுட்டுக் கடையை மகன்கிட்ட விட்டுட்டுக் கெளம்பிட்டாரு.

இப்பச் சொல்லுங்க. பத்து மணிக்குத் தோப்புல அவன் சாகுறான். நான் டவுன்ல கோடியும் கையுமா நிக்கிறேன். கொலை செஞ்சவன் செத்தவன் பொஞ்சாதிக்குக் கோடி எடுப்பானா? இதைவிடப் பெரிய ஆதாரம் ஒலகத்துல உண்டா?

என்ன அப்படிப் பாக்குறீங்க? என்ன கேக்குறீங்க, சத்தமாக் கேளுங்க, இந்த டிரைவர் ஹாரனை விட்டுக் கையெடுக்க மாட்டேங்கிறான். செத்த தகவல் எனக்கு எப்ப வந்துச்சா? மத்தியானம். எல்லாருக்கும் மாதிரிதான். டவுன்ல சாப்பிட்டுட்டு இருக்கேன், போன் வருது, மகாலிங்கம் ஒன் மாப்பிள்ளை தொட்டியில அடிபட்டுச் செத்துக் கெடக்கான்னு. அப்பவே கோடிப் பொட்டணம் எலைக்குப் பக்கத்துல இருக்கு!

அப்ப காலையில அவர் செத்துட்டார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்ங்கிறீங்களா? நல்லாக் கேட்டீங்க போங்க. இதே கேள்வியைத்தான் நெல்லையப்பனும் கேட்டாரு. நீங்களும் வக்கீலுக்கா படிக்கிறீங்க? செத்துட்டான்னு எவன் சொன்னது? சாகலை! சாகவே இல்லை! அதைத்தான தம்பி விடிஞ்சதுலேர்ந்து கத்திக்கிட்டு இருக்கேன். நான் கெளம்பும்போது அவனுக்கு உசிரு இருந்துச்சு. மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடந்தான். கண்ணு தொறந்திருக்கு, என்னைத்தான் பாக்குறான். அப்பக்கூட அந்தப் பார்வை, மச்சான் மச்சான்னு பம்முவானே, அதே பார்வை. வாயைத் தொறந்து தொறந்து மூடுறான், தண்ணி கேக்குறானாம். கெடந்த கெடையைப் பாத்தா சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், தேறாதுன்னு. தேறாதுன்னு தெரிஞ்ச பெறகு அங்க நின்னு வேடிக்கையா பாக்கச் சொல்றீங்க? செய்ய வேண்டிய முறையை எவன் செய்வான்? அந்தப் பால்பாண்டி முந்திக்கிட்டா? நான் கொன்னிருந்தா, நான் வரும்போதே அவன் செத்திருக்கணுமா இல்லையா? உசிரோட விட்டுட்டு வந்தவன் எப்படிங்க கொலைகாரன் ஆவான்?

தண்ணி குடுத்தீங்களான்னா? நான் எதுக்குக் குடுக்கணும்? தொட்டியில பாதி அவனுதுன்னுதான கல்லு நட்டான்? தலைமாட்டுலதான் தொட்டி, எடுத்துக் குடிக்க வேண்டியதுதான.

திருமங்கலம் தாண்டிருச்சு போல. இந்தா, ரெண்டு வாய் தண்ணி குடிங்க. வேணாமா? மூஞ்சி ஏன் வெளுத்துப் போயிருக்கு? பஸ்ஸு உங்களுக்கும் ஒத்துக்காதா? ஜன்னலைத் தொறந்து விடவா? சரி, சும்மா கெடங்க. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒடம்புல தெம்பே கெடையாது.

ம்? என்னது? திரும்பச் சொல்லுங்க. அண்ணாச்சியைக் கண்டிப்பாக் கூட்டிட்டுப் போகணும்ங்கிறீங்களா? பழைய வக்கீல் பேச்சைக் கேக்க வேண்டாம்ங்கிறீங்களா? இவ்வளவு நேரம் வேற மாதிரில்ல பேசுனீங்க! போணி ஆனது, பேரு கேட்டது, ஒண்ணையும் விட்டுறாமச் சொல்லச் சொல்லணுமா? சொல்லச் சொல்றேன், சொல்லச் சொல்றேன். நான் கெளம்பும்போது உசிரு இருந்துச்சுங்கிறதையும் ஜட்ஜுகிட்ட நானே என் வாயால சொல்லணும்ங்கிறீங்க. பின்ன சொல்லாம விடுவேனா? போன கோர்ட்டுல நெல்லையப்பன் பேச்சைக் கேட்டு நிக்க விட்டுட்டு வந்தேன்னு சொன்னதுதான் தப்பாப் போச்சு. பாத்தீங்களா, பொறுமையா எடுத்துச் சொன்னா எவனுக்கும் புரியும். அத்தனை பெரிய வக்கீலுக்குப் புரியாதது உங்களுக்குப் புரிஞ்சிருச்சு. எங்க தங்கச்சிக்கும் ஒருநாள் புரியும். ஊருக்கே புரியும்.

எங்க எந்திரிச்சிட்டீங்க? ஹைகோர்ட்டு வரைக்கும் நீங்களும் கூட வர்றீங்களா? உங்க சோலி என்னாகுறது? அது கெடக்கட்டும்ங்கிறீங்க. சரி, வாங்க, கூட ஒரு ஆளு இருந்தா நல்லதுதான். அண்ணாச்சியை நீங்களே எழுப்பப் போறீங்களா? எழுப்புங்க, ஊரு வந்துருச்சு. பாத்து, பாத்து! கையைப் பிடிச்சு மெதுவா எழுப்புங்க தம்பி. வயசான மனுசன், பஸ்ஸு ஆடுது. விழுந்து மண்டையில கிண்டையில அடிபட்டுட்டார்னா எனக்கு வேற சாட்சி கெடையாது.